இரண்டாவது பாட்டு

பாடகி ஹில்க்கா வார்னமோவின் பின்னங்கழுத்தை மூன்று கோடைகாலம் பார்த்தவன் நான். பேஸ் கிதார் வாசிப்பவனுக்கு மேடையில் கிடைக்கிற இடம் அப்படி. முகம் எதிரே ஆடுகிறவர்களுக்கு. எனக்குத் தூக்கிக் கட்டிய வெள்ளி முடி, அதற்குக் கீழே நீல உடுப்பின் கொக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் அவரே கறுப்பு நூலால் போட்ட ஒரு தையல். நீல நூல் கிடைக்காமலில்லை. முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்த வருடம் அவருக்கு அறுபத்தெட்டு வயது. முதல் நாள் என் கையைப் பார்த்தார்.

"விரல் நீளமா இருக்கு. வாய் இருக்கா?"

"இருக்குங்க."

"அத மூடி வெச்சுக்க. பேஸ்காரன் பேசினா எனக்குப் பிடிக்காது."

அக்கார்டியன் வாசிக்கும் ரெய்னோ பஸ்ஸில் இருந்து பெட்டியை இறக்கிக்கொண்டே, "நல்லதாப் போச்சு, நான் முப்பத்தஞ்சு வருஷமா வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அதை அப்போது ஜோக் என்றுதான் நினைத்தேன்.

ஹில்க்கா காகித ஆலைக் குடியிருப்பில் பிறந்தவர். போரின் கடைசிக் கோடையில் அப்பா எல்லையில் இறந்துபோனார். அம்மா ஆலை முற்றத்தில் மரப்பட்டை உரித்தாள். பதினைந்து வயதில் தீயணைப்புப் படைக் கூடத்தில் பாட ஆரம்பித்தார், இருபதில் தலைநகர் ஹெல்சிங்கி, இருபத்திரண்டில் சினிமா. ஐந்து படங்கள். ஒன்றிலும் கதாநாயகி இல்லை. கதாநாயகியின் தோழி, பால்காரி, சத்திரத்துப் பணிப்பெண், கடிதம் கொண்டுவருகிறவள். மூன்றாவது படத்தில் கதாநாயகியின் பெட்டியைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிற வேடம். காற்றில் கதாநாயகியின் குரல் எடுபடவில்லை என்று அவள் பாட வேண்டிய பாட்டை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "கரை தெரியும்வரை" என்ற அந்த வால்ட்ஸ் நடனப் பாட்டு இசைத்தட்டாக வந்தது. படம் யாருக்கும் நினைவில்லை. பாட்டு எங்கள் நாட்டில் ஐம்பது தாண்டிய எல்லாருக்கும் மனப்பாடம்.

"நடிச்சது அஞ்சு படம்," என்பார் ஹில்க்கா. "ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கறது ஒரு படகு."

பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. படக் கம்பெனி மூடியது. குளிர்காலங்களில் நகர நாடக மேடையில் பக்கத்து வீட்டுக்காரி, மாமியார் என்று சின்ன வேடங்கள். கோடையில் ஏரிக்கரை நடனக் கூடங்கள். ஊர் ஊராக, பஸ்ஸில், நாற்பது கோடைகாலம். அந்த பஸ்ஸை ஓட்டியவர்தான் கணவர் தௌனோ. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒரே மகள் மர்யுத் பதினேழு வயதில் ஸ்வீடனுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. கோடை முழுக்கப் பக்கத்து வீட்டில் விடப்பட்ட பெண் அவள். "அம்மா குரல ரேடியோவுலதான் கேட்டு வளந்தேன், இப்பவும் அதுவே போதும்" என்று ஒரு தடவை போனில் சொன்னாளாம். அதைச் சொல்லிவிட்டு ஹில்க்கா, "சரியாத்தானே சொல்லியிருக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, அவருக்கு மிச்சம் இருந்தது அந்த மேடை ஒன்றுதான். அதில் ஒரே ஒரு பயமும் இருந்தது. அதை ரெய்னோ எனக்குச் சொன்னார்.

எழுபதுகளில் ஒரு நாள், இவர்களோடு ஒரே மேடையில் பாட வந்த வயதான பாடகர் ஒருவர் பாதிப் பாட்டில் வரிகளை மறந்து நின்றுவிட்டார். கீழே இளவட்டங்கள் சிரித்தார்கள். அவர் தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஹில்க்கா அன்று பஸ்ஸில் ரெய்னோவிடம் சொன்னார்: "நான் இப்படி ஆகற அன்னைக்கு நீதான் சொல்லணும். ஜனங்க வாயிலேர்ந்து எனக்குத் தெரிய வரக்கூடாது. சொல்லுவியா?"

ரெய்னோ "ம்" என்றாராம். எங்கள் ஊரில் "ம்" என்றால் அது சத்தியம்.

எங்கள் நடனக் கூடங்களில் பாட்டு ஜோடியாகத்தான் வரும். இரண்டு டாங்கோ, இரண்டு வால்ட்ஸ், இரண்டு ஃபாக்ஸ்ட்ராட். ஒருவர் ஒரு பெண்ணை ஆட அழைத்தால் இரண்டு பாட்டுக்கும் சேர்த்து அழைத்ததாக அர்த்தம். முதல் பாட்டு முடிந்ததும் கையை விட்டுவிட்டு, அதே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தரையையோ ஏரியையோ பார்த்தபடி காத்திருப்பார்கள். இரண்டாவதும் முடிந்த பிறகு ஆண் அவளைக் கூட்டிவந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டு நன்றி சொல்வான். நடுவில் விட்டுப் போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். செருப்பு கடித்தாலும், எதிராளி மேல் சாராய வாடை அடித்தாலும், இரண்டாவது பாட்டு வரை பொறுத்தாக வேண்டும்.

நான் சேர்ந்த மறுவருடம், ஜூலையில், ஹில்க்கா ஒரு டாங்கோவைப் பாடி முடித்தார். ஜோடிகள் கையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஹில்க்கா திரும்பி ரெய்னோவிடம் தலையாட்டிவிட்டு, இரண்டாவதாகவும் அதே டாங்கோவையே ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி, அதே மூச்சு, அதே இடத்தில் அதே கையசைப்பு.

ரெய்னோ அரை நொடி தயங்கினார். பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். நானும் சேர்ந்தேன்.

கீழே பார்த்தேன். நூற்றைம்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூட மேடைப் பக்கம் திரும்பவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. சாதாரணமாக எப்போதும் பத்துப் பேராவது மேடையைப் பார்த்தபடிதான் ஆடுவார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று பஸ்ஸைக் கிளப்பும் முன், ரெய்னோ சாசேஜில் கடுகு விழுதைத் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தும் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ரெய்னோ புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அக்கார்டியன் வார்ப்பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, முதல் வரியை அவர் காதில் விழும்படி முணுமுணுப்பார். நடுவில் ஹில்க்காவின் குரல் தடுக்கினால் அக்கார்டியன் சட்டென்று பெருகி அந்த இடத்தை மூடிவிடும், அது தன்னுடைய முறை என்பதுபோல. ஆடுகிறவர்களும் கற்றுக்கொண்டார்கள். வால்ட்ஸுக்குப் பின் டாங்கோ வந்து பாட்டு ஜோடி உடைந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் காலை மாற்றிக்கொண்டார்கள். இப்படி ஒரு வருடம்.

ஹில்க்காவுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. என் மூன்றாவது கோடையில் அவர் ஒவ்வொரு ஊரின் பெயரையும் மணிக்கட்டின் உள்பக்கம், வளையலுக்கு அடியில், புருவப் பென்சிலால் எழுதிக்கொள்வதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"எல்லா ஊர்லயும் ஒரே ஏரி, ஒரே கொசு," என்றார். "பேரு மட்டும் வேற வேற வெச்சுத் தொலச்சிருக்காங்க."

அப்புறம் ஜூன் மாதம் ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்து, திரும்பாமலே கேட்டார்.

"பையா. நான் எங்கயாச்சும் சொதப்பறேனா?"

முன்னால் ஸ்டியரிங்கில் ரெய்னோ. அவர் கண்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தன. அந்தக் கண்களில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"இல்லைங்க," என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. "நீ பேச மாட்டே. அதனால நீ சொன்னா நம்பலாம்" என்றார். அந்தப் பின்னங்கழுத்தை அன்று முழுக்க என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு, லெப்பாலஹ்தி என்ற ஊரில் பகல் ஆட்டம். இரண்டு மணிக்கு ஆரம்பம். வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள், இருட்டுவதற்குள் வீடு போக வேண்டியவர்கள். கூடத்தின் ஒரு பக்கம் பெண்கள் பெஞ்சில், எதிர்ப்பக்கம் ஆண்கள் நின்றபடி. ஏரியில் இருந்து வெளிச்சம் நேராக உள்ளே அடித்தது. அந்த வெளிச்சத்தில் முகப்பவுடர் தனியாகவும் முகம் தனியாகவும் தெரியும்.

நான்கு மணிக்கு "பெண்கள் அழைப்பு" என்ற பலகையின் விளக்கை ஏற்றினார்கள். அந்த ஒரு மணி நேரம் பெண்கள்தான் ஆண்களைக் கூப்பிட வேண்டும். ஹில்க்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த நேரத்தில் பாடாமல் கீழே இறங்கி, யாராவது ஒருவரை அழைத்து ஒரு ஜோடிப் பாட்டு ஆடுவார். நாற்பது வருடப் பழக்கம். அழைக்கப்பட்டவர் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்று அழைத்தது வில்யோ என்பவரை. ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஹில்க்கா எங்கே பாடினாலும் சைக்கிளிலாவது வந்துவிடுவார். நாங்கள் வார்த்தையில்லாத டாங்கோ ஒன்றை ஆரம்பித்தோம்.

வில்யோ என்ன சொன்னார் என்பதை அன்று சாயங்காலம் காபிக் கடைப் பக்கம் அவரே எனக்குச் சொன்னார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே சொன்னார். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"போன வருஷம் அந்த டாங்கோவ அடுத்தடுத்து ரெண்டு தடவ பாடினீங்களே," என்றிருக்கிறார். "ரெண்டாவது தடவ இன்னும் நல்லா இருந்துச்சு."

"எந்த டாங்கோ?"

"கவலப்படாதீங்க. என் சம்சாரமும் கடைசில அப்படித்தான் இருந்தா. நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியும்படியா யாரும் எதுவும் பண்ணறதில்லன்னு."

மேடையில் இருந்து நான் பார்த்தது இவ்வளவுதான்: ஆட்டத்தில் திரும்பியபோது எனக்கு அவர் முகம் நேரே தெரிந்தது, வில்யோவின் தோளுக்கு மேலே. கால்கள் ஆடிக்கொண்டிருக்க, முகம் மட்டும் நின்றுபோயிருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. கையை விட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஹில்க்கா வாசலைப் பார்த்தார். வாசல் பத்தடி. சுற்றிலும் நூற்றுச் சொச்சம் பேர், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாருக்கும் தெரியும் என்று இப்போது தெரிந்தவராக அவர் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றார். போக முடியாது. ஒரு மனிதனை நடுவில் விட்டுப் போகிற பெண் இல்லை அவர். எதுவும் தெரியாத ரெய்னோ இரண்டாவது டாங்கோவுக்குத் தாளத்தை எண்ணித் தொடங்கினார். ஹில்க்கா கையைத் தூக்கி வில்யோவின் தோளில் வைத்தார். மூன்று நிமிடம். அவ்வளவு நீளமான பாட்டு நான் வாசித்ததில்லை.

வில்யோ அவரை மேடைப் படி வரை கொண்டுவந்து விட்டு நன்றி சொன்னார். அவரும் நன்றி சொன்னார்.

இடைவேளை. மேடைக்குப் பின்னால் பலகைச் சுவர் போட்ட சின்ன அறை. ஹில்க்கா உட்காரவில்லை.

"எத்தன நாளா?"

ரெய்னோ அக்கார்டியனின் பொத்தான்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் ஜூலை."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஆடறவங்களுக்குத் தெரியும்."

"அப்ப எல்லாருக்கும். எனக்கு மட்டுந்தான் தெரியாது." அவர் பக்கம் ஒரு அடி வைத்தார். "நான் உங்கிட்ட என்ன கேட்டு வெச்சிருந்தேன்?"

"சொன்னா நீ நிறுத்திடுவே, ஹில்க்கா."

"அதுக்குத்தானே சொல்லச் சொன்னேன்."

"நிறுத்திட்டு எங்க போவே? அந்த ரெண்டு ரூம் வீட்லயா? அங்க யாரு இருக்கா?"

"அது எம்பாடு."

ரெய்னோ துணியை மடித்தார். அதை மறுபடி பிரித்தார். ஹில்க்கா என் பக்கம் திரும்பினார். எனக்கு நிற்பதா வெளியே போவதா என்று தெரியவில்லை.

"நீயும்தான் பையா," என்றார். குரலில் கோபமே இல்லை. "நீயும்தான்."

பிறகு கண்ணாடியில் பார்த்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தார். "கடைசி ஜோடி வால்ட்ஸ். முதல்ல அந்தப் படகுப் பாட்டு. அத நான் பாடறேன். அதோட முடிஞ்சுது. ரெண்டாவது கிடையாது. நானே சொல்லிட்டு இறங்கறேன். என் காலால இறங்கறேன். புரிஞ்சுதா?"

ரெய்னோ "ம்" என்றார்.

மீதி நேரம் ஹில்க்கா ஒரு வரி தவறவில்லை. ரெய்னோ முணுமுணுக்கக் குனிந்தபோது, "வாய மூடு" என்றார். ஐந்தே முக்காலுக்கு "கரை தெரியும்வரை" வந்தது. அதை ஐம்பது வருடமாகப் பாடுகிறவர் அன்றுதான் படகில் உட்கார்ந்திருப்பதுபோல் பாடினார். நான் கேட்ட தடவைகளில் அதுதான் சிறந்தது. யாரும் பதிவு செய்யவில்லை. முடிந்தது. ஜோடிகள் கையை விட்டு நின்றார்கள்.

ஹில்க்கா மைக்கை நெருங்கினார்.

"நன்றி," என்றார். "இன்னைக்கு ஒண்ணுதான். இதோட நான் பாட்ட நிறுத்திக்கறேன்."

யாரும் அசையவில்லை. ஆண்கள் பெண்களைக் கொண்டுபோய் விடவில்லை. ஒரு பாட்டோடு எப்படி விடுவது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் கம்பளிச் சட்டைக்காரப் பெண்மணி, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"இன்னொண்ணு இருக்கு ஹில்க்கா. ரெண்டாவது."

"தெரியும். மறக்கல. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"ஆமா, ஆமா," என்றார் அந்தப் பெண்மணி. சிரித்தார். அவ்வளவு அன்பான சிரிப்பு.

பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மென்மையான, பதமான கைதட்டல், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. ஹில்க்கா கையைத் தூக்கினார். "இல்ல, கேளுங்க, நான் சொல்றது..." அவர்கள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்கள். அவருடைய சங்கடத்தை மூடத்தான் தட்டினார்கள். ஒரு வருடமாகச் செய்து பழகிய காரியம்.

அப்போதுதான் ரெய்னோ வாசித்தார்.

இரண்டாவது வால்ட்ஸ். அக்கார்டியன் பெருகி வந்து அவர் குரலை மூடியது. கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது, நிஜமாகவே கேட்டது. ஜோடிகள் கைகோத்தார்கள். என் விரல்கள் இரண்டாவது தாளச் சுற்றிலேயே சேர்ந்துவிட்டன. நான் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் விரல்கள் போய்விட்டன என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹில்க்கா மைக் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார், பாட்டு முடியும் வரை. இறங்கவில்லை. பாதி ஆட்டத்தில் இறங்கினால் தெரியாமல் இறங்குகிறார் என்பார்கள். பாடினால் நினைவு வந்துவிட்டது என்பார்கள். நான் கறுப்பு நூல் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஆண்கள் பெண்களைக் கொண்டுபோய் விட்டு நன்றி சொன்னார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் கழித்து ஹில்க்கா ரெய்னோவிடம் பேசியது ஒரு வாக்கியம்.

"அதையும் வாசிச்சுட்டே."

ரெய்னோ சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஹில்க்கா பாடவில்லை. மறதி நோய் வேகமாக வளர்ந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் மர்யுத் வந்து, மூன்று நாள் தங்கி, அம்மாவை ஆலை ஊரின் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனாள். ரெய்னோ வியாழக்கிழமை தவறாமல் போவார். ஹில்க்கா அவரைப் பார்ப்பார், பிறகு நர்ஸிடம் கேட்பார்: "யாரு இந்த ஆளு?" ஒவ்வொரு வியாழனும் அதே கேள்வி. "நோய் அப்படி," என்பார் ரெய்னோ. "என்ன பண்றது, நோய் அப்படி."

ஒரு வியாழன் நானும் கூடப் போனேன். ஜன்னலோரம் நாற்காலி. ஹில்க்கா மெலிந்திருந்தார். முடியை யாரோ குட்டையாக வெட்டியிருந்தார்கள், பின்னங்கழுத்து முழுக்கத் தெரிந்தது. ரெய்னோவைப் பார்த்துவிட்டு, "யாரு இந்த ஆளு?" என்றார். ரெய்னோ தலையாட்டிக்கொண்டு காபி எடுத்துவர வெளியே போனார்.

கதவு சாத்தியதும் ஹில்க்கா என் கையைப் பார்த்தார்.

"விரல் இன்னும் நீளமாத்தான் இருக்கு," என்றார். பிறகு, கதவைப் பார்த்தபடி: "ரெய்னோவ காபில சக்கரை போட்டுக்க வேணாம்னு சொல்லு. அவனுக்கு ஆகாது."

கதவு திறந்தது. ரெய்னோ மூன்று கோப்பைகளோடு வந்தார். ஹில்க்கா நிமிர்ந்து அவரைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். நர்ஸ் இல்லாததால் என்னிடம் கேட்டார்.

"யாரு இந்த ஆளு?"

திரும்பி வரும்போது ரெய்னோதான் கார் ஓட்டினார். வயல்களில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆலைப் புகைபோக்கி மறைந்த பிறகு கேட்டார்.

"நான் வெளிய போனப்ப ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லைங்க," என்றேன்.